கணுக்கால் ஆர்த்ரோஸ்கோபிக்கு அப்புறம்: துடிக்கிற வீக்கமா, கெண்டைக்கால் வலியா?

பெருந்துறையில் தறி ஓட்டும் எங்கள் மாமாவுக்குக் கணுக்காலில் ஆர்த்ரோஸ்கோபி (சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு மூட்டுக்குள் செய்கிற அறுவை சிகிச்சை) முடிந்து 10 நாள் இருக்கும், முன்பக்கத் தையலுக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். "மாப்ள, தொட்டா துடிக்குது பாருங்க" என்றார். விரலை வைத்தேன், நாடி மாதிரியே அடித்தது.

அந்தத் துடிப்புதான் முக்கியம். கணுக்காலின் முன்பக்கம் மூட்டு உறையை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது, கருவி பட்டு அது லேசாகக் கிழிந்தால் ரத்தம் கசிந்து வெளியே பை மாதிரி தேங்கும். இதைப் போலி தமனி வீக்கம் என்பார்கள். அரிதுதான், ஆனால் சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும்.

இன்னொன்று ஆழ்சிரை ரத்த உறைவு, அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் கட்டிக்கொள்வது. இதில் துடிப்பு இருக்காது, கெண்டைக்கால் கனத்து, சூடாகி வலிக்கும். உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் மூச்சு திணறும், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ரெண்டுக்கும் முதலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன்தான். ஆனால் மருந்து நேரெதிர்: உறைவுக்குக் கொடுக்கிற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, தமனிக் கசிவை இன்னும் மோசமாக்கலாம். அதனால் கடையில் கேட்டு நீங்களாக எதையும் வாங்கிப் போடாதீங்க. அத்தை விளக்கெண்ணெயோடு நீவ வந்தாங்க, தடுத்துவிட்டேன். எதுவாக இருந்தாலும் நீவவே கூடாதுங்க.