இறுகிப்போன பிளக்: மெழுகா, வெல்டிங்கா, டிரில்லா?

இன்ஜினைப் பிரித்து, போரிங் போட்டு, புதுப் பேரிங்கும் மாட்டி ஓட்டிய சில நாளிலேயே பேரிங் கீறிக்கொண்டால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: ஆயில் கேலரி பிளக்கை, அதாவது இன்ஜின் பிளாக்குக்குள் ஆயில் ஓடும் நீளத் துளையின் வாயை அடைக்கும் மரை மூடியை, கழற்றினீர்களா? பெரும்பாலும் பதில், "அது வரலைங்க, அப்படியே விட்டுட்டேன்." போரிங்கில் விழுந்த இரும்புத்தூள் பழைய ஆயில் சகதியோடு கேலரிக்குள் ஒட்டிக் கிடக்கும். டீசல் ஊற்றிக் கழுவினால் போகாது. பிளக்கைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்தால்தான் போகும்.

ஆனால் இருபது முப்பது வருடம் யாரும் தொடாத பிளக் அது. போதாததற்கு, நிறைய இன்ஜின்களில் கூம்பு மரை. 16 அங்குல நீளத்துக்கு 1 அங்குலம் விட்டம் குறைகிற சரிவு. உள்ளே போகப் போக ஆப்பு மாதிரி இறுகும். இதில் நமக்கு ஒரு நல்லதும் உண்டு. அரைச் சுற்று அசைந்துவிட்டால் மிச்சம் விரலாலேயே வந்துவிடும். அந்த அரைச் சுற்றுக்குத்தான் இத்தனை பாடு.

எண்ணெய் விட்டுக் காத்திருக்கும் வழியை எல்லோரும் முதலில் முயல்வார்கள். டபிள்யூ.டி.-40 அடிப்பார்கள், அல்லது அசிட்டோனும் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து விடுவார்கள். கூம்பு மரையில் எண்ணெய் இறங்க இடைவெளியே இருக்காது. ராத்திரி விட்டுவைத்துப் பாருங்கள், செலவில்லை. காலையில் தட்டை முனை கொண்ட எஃகு பஞ்ச் ஒன்றைப் பிளக்கின் நடுவில் வைத்துச் சுத்தியலால் நாலு அடி அடித்துவிட்டு முயலுங்கள். அடி பிளக்கில் மட்டும் விழட்டும். வார்ப்பிரும்பு அடி தாங்காது, ஓரம் தெறித்துவிடும்.

வரவில்லையா? சரி, கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுங்கள். இங்கே பலரும் செய்யும் தப்பு, பிளாக்கைச் சூடாக்குவது. வார்ப்பிரும்பும் எஃகும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் விரியும், அதனால் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் லாபம் குறைவு. பிளக்கின் நடுவை மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்ச வேண்டும். சூடான பிளக் விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த பிளாக் விடாது. விரிய வழியில்லாமல் தனக்குள்ளேயே நசுங்கி, ஆறும்போது பழைய அளவுக்குத் திரும்பாமல் ஒரு துளி சிறுத்துவிடும். துருவின் பிடியும் அப்போதே உடையும்.

சிவப்பு மறைந்து கொஞ்சம் ஆறியதும் சாதாரண மெழுகுவத்தியை விளிம்பில் தொட்டுப் பாருங்கள். தீப்பிடித்தால் இன்னும் சூடு அதிகம். நெருப்பில்லாமல் புகைந்து உருகினால் அதுதான் பதம். உருகிய மெழுகு விளிம்பைச் சுற்றி ஒரு நொடி பளபளக்கும், அப்புறம் மண்ணில் விட்ட தண்ணீர் மாதிரி மரைக்குள் காணாமல் போய்விடும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இப்போது பிளக்கைத் திருகும் சாவியைப் போட்டு முதலில் ஒரு மயிரிழை இறுக்குங்கள், பிறகு கழற்றுங்கள். என் கணக்கில் முதல் மார்க் இதற்குத்தான். துளையும் மரையும் கெடாமல் வேலை முடிகிற வழி இது.

ஒரு எச்சரிக்கை: வாட்டர் ஜாக்கெட்டில், அதாவது பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் அறையில், தண்ணீர் நிற்கும்போது டார்ச் பிடிக்காதீர்கள். அடைபட்ட நீராவி பிளக்கை முகத்துக்கு நேரே தள்ளும்.

மெழுகு வழிக்குச் சாவி பிடிக்க இடம் வேண்டும். பிளக்கின் சதுரக் குழியோ ஆலன் (அறுகோண) குழியோ ஏற்கெனவே வழுக்கிப் போயிருந்தால், பிளக்கின்மேல் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருகும் நட் வெல்டிங்தான். கால் இஞ்ச் பிளக் என்றால் பத்து எம்.எம். நட் சரியாக உட்காரும். (கால் இஞ்ச் என்பது வெறும் பெயர். என்.பி.டி. என்கிற அமெரிக்கக் கூம்பு பைப் மரையில் அதன் வெளி அளவு 13.7 எம்.எம்.) நட்டின் முலாமைக் கிரைண்டரில் தேய்த்துவிடுங்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் தள்ளும். முதலில் குழியை வெல்டிங்கால் நிரப்பி, அதன்மேல் நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் சன்ன வெல்டிங் ராடை விட்டு அடியிலிருந்து நிரப்பி வர வேண்டும். சிவப்பு மறையட்டும், மெழுகு தொடுங்கள், முன்னும் பின்னுமாக அசையுங்கள். நட் பிய்த்துக்கொண்டு வரலாம், மனம் தளராதீர்கள். ஒவ்வொரு தடவை வெல்டிங் வைக்கும்போதும் பிளக்குக்கு இன்னொரு சூடு கிடைக்கிறது. இரண்டாவது, மூன்றாவது நட்டில் வந்தவைதான் அதிகம். இன்ஜின் வண்டியிலேயே இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைப் பிளாக்கில் மாட்டுங்கள். கிராங்கில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும்.

ஈஸி-அவுட் என்கிற எக்ஸ்ட்ராக்டரைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. நடுவில் துளை போட்டு, இடது மரைக் கூம்பைத் திருகினால் அது பிளக்கை வெளிப்பக்கமாக விரிக்கும். ஏற்கெனவே இறுகியது இன்னும் இறுகும். ஆரம்பத்தில் ஆசையாக வாங்கிய செட்டில் ஒன்று, நான் கைப்பிடியில் பைப்பைச் சொருகி இழுத்தபோது 'டிக்' என்று முறிந்தது. டெம்பர் ஏற்றிய எஃகு அது, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கி ஓடியது. கடைசியில் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருந்த ஒரு டூல் ரூமுக்குப் பிளாக்கையே தூக்கிக்கொண்டு போனேன். சும்மா உடைந்த போல்ட்டுக்கு ஈஸி-அவுட் உதவலாம். துருப்பிடித்த கூம்பு மரைக்கு வேண்டாம்.

அதற்குப் பதில் முழுசாகத் துளைத்து எடுப்பதே மேல். ஆனால் கை டிரில்லில் அல்ல. லேத் பட்டறையில் ரேடியல் டிரில்லில் போட்டு, நடு மையம் பிசகாமல். கால் இஞ்ச் என்.பி.டி.க்குக் கடைசி பிட் 7/16 இஞ்ச். அதுவரை படிப்படியாகப் போனால் மிச்ச மரை சுருள் கம்பி மாதிரி கொக்கியில் வரும். பிறகு டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கேதான் இன்னொரு வம்பு: நம் ஊர்ப் பைப் கடையில் புழங்குவது பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் மரை, இந்த அளவில் இஞ்சுக்கு 19 இழை, இழையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையில் 18 இழை, 60 டிகிரி. இரண்டு சுற்று வரை ஒன்றுபோலவே ஏறும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். இழை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு டேப்பைத் தொடுங்கள்.

பித்தளை டிரெயின் பிளக் என்றால் இந்தச் சிரமமெல்லாம் வேண்டாம், மெத்தென்று துளை போட்டு உரித்து எடுக்கலாம். அலுமினிய பிளாக்கில் எஃகு பிளக் என்றால் கணக்கே தலைகீழ். அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும், ஆகவே அங்கே பிளாக்கைத்தான் சூடாக்க வேண்டும். அதுவும் ஹாட் ஏர் கன்னில். அலுமினியம் சிவக்காமலேயே 660 டிகிரியில் உருகி ஒழுகிவிடும்.

திரும்பப் போடும்போது கேலரி பிளக்குக்கு டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள், பிய்ந்த துணுக்கு ஆயில் துளையை அடைக்கும். மரை சீலன்ட் ஒரு சொட்டு போதும். பழைய பிளக் எத்தனை ஆழத்தில் நின்றதோ அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று உள்ளே போனால் சில பிளாக்குகளில் குறுக்கே வரும் ஆயில் வழியை அது மூடிவிடும்.