நட்சத்திரமா, தரவரிசையா? பிரானூர் பார்டரிலிருந்து ஒரு கணக்கு

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நின்று பாருங்கள். புனலூரிலிருந்து மலையிறங்கி வரும் லாரிக்காரர்களும் குற்றால சீசனுக்கு வந்த குடும்பங்களும் ஒரே பெஞ்சில் பரோட்டாவுக்குக் காத்திருப்பார்கள். “இதுக்காகவே சுத்திட்டு வந்தோம்” என்று யாராவது சொல்வது காதில் விழும். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேட்டில் இரண்டு நட்சத்திரத்துக்குப் பொருளே அதுதான்: வழியை விட்டு விலகிப் போயாவது சாப்பிடலாம். ஒன்று என்றால் போகிற வழியில் நிறுத்தலாம். மூன்று என்றால் அதற்கென்றே ஊரிலிருந்து கிளம்பலாம்.

மிஷலின் என்ற டயர் கம்பெனி தொடங்கியது என்பதால் இந்தப் பாதைக் கணக்கு. 1900-இல் பிரான்சில் கார் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த வழிகாட்டி அது; நட்சத்திரம் 1926-இல்தான் வந்தது. எதிரே நிற்பது ‘உலகின் சிறந்த 50 உணவகங்கள்’ பட்டியல். 2002-இல் ஒரு பிரிட்டன் பத்திரிகை ஆரம்பித்தது, 2013 முதல் ஆசியாவுக்குத் தனிப் பட்டியலும் உண்டு.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறார்கள், ஆனால் வேலை செய்யும் விதமே வேறு. மிஷலினில் சம்பளத்துக்கு இருக்கும் ஆய்வாளர் பெயர் சொல்லாமல் வருவார், சாப்பிடுவார், பில்லைக் கட்டிவிட்டுப் போவார். பார்ப்பது ஐந்து: பொருளின் தரம், சமைக்கும் கைத்திறன், சுவைகள் சேரும் பொருத்தம், சமையல்காரரின் தனி முத்திரை, எப்போது போனாலும் அதே தரம். ஐம்பது பட்டியலில் சமையல்காரர்கள், உணவு எழுத்தாளர்கள், ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். எது சிறந்தது என்பதற்கு வரையறை கிடையாது, போடுகிறவர் மனசுதான். அதனால் யாரைப் பற்றி ஊர் பேசுகிறதோ அந்தக் கடை மேலே வரும்.

எனக்கு நட்சத்திரத்தின் மேல்தான் நம்பிக்கை. காரணம் அந்த ஐந்தாவது விஷயம். போன சீசனில் ஒரு மாஸ்டர் மாவு பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாரல் விழுந்தால் மாவுக்குத் தண்ணீரைக் குறைக்கிறார், வெயிலடித்தால் கூட்டுகிறார். எண்ணெயில் ஊறும் உருண்டையை ஒரு விரலால் அமுக்கி, குழி மெதுவாக மேலே எழும்பினால்தான் கல்லுக்கு அனுப்புகிறார். கேட்டேன். “ஒரு நாளு ருசி வந்துரும் அண்ணாச்சி. நாளைக்கும் அப்படியே வரணும்லா?” என்றார். ஒரு ராத்திரி விருந்தை நினைத்துப் போடும் ஓட்டில் இந்த உழைப்பு தெரியாது, திரும்பத் திரும்ப வந்து சாப்பிடுகிறவருக்குத்தான் தெரியும்.

நட்சத்திரம் பணக்காரர் மேசைக்கு மட்டும் என்ற பேச்சும் பழசு. 2016-இல் சிங்கப்பூரில் சோயா சாஸ் கோழிச்சோறு விற்ற ஒரு சின்னக் கடைக்கு நட்சத்திரம் கிடைத்தது. நத்தம் பக்கத்துக்காரர் விஜய் குமார் நியூயார்க்கில் தலைமைச் சமையல்காரராக இருக்கும் ‘செம்ம’ உணவகம் 2022-இல் வாங்கியது. அங்கே நத்தைப் பிரட்டல் வைக்கிறார். வீட்டில் கஷ்டத்துக்குச் சாப்பிட்டதை வெளியே சொல்லக் கூச்சப்பட்ட எத்தனையோ பேரின் தலையை அந்த ஒரு தட்டு நிமிர்த்தியது. 2025-இல் துபாயில் ‘ட்ரெசிண்ட் ஸ்டுடியோ’ மூன்று நட்சத்திரம் பெற்றது, இந்தியச் சமையலுக்கு அதுவே முதல் முறை. எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் வளைகுடாச் சமையலறைகளில்தான் நிற்கிறார்கள். அந்தச் சேதி இங்கே வீடு வீடாகப் போனது.

குறை இல்லாமல் இல்லை. மிஷலின் நட்சத்திரம் இன்னும் இந்தியாவுக்கே வரவில்லை. பல நாடுகளில் சுற்றுலாத்துறை பணம் கொடுத்துத்தான் வரவழைக்கிறார்கள், தாய்லாந்து அப்படித்தான் செய்தது. அந்த இடைவெளியில் ஐம்பது பட்டியல் நமக்கு நல்லதே செய்திருக்கிறது. சென்னை ‘ஆவர்த்தனா’ உணவகத்துக்கு 2025 ஆசியப் பட்டியலில் 30-ஆவது இடம். அங்கே தக்காளி ரசத்தைக் கண்ணாடி போலத் தெளியவைத்துக் கோப்பையில் தருகிறார்கள். நிறமே இல்லாத அதிலிருந்து அம்மா வைத்த ரசத்தின் வாசனை எழும்போது நெஞ்சு நின்றுவிடும். உயர்ரக உணவகத்துக்குக் காசு கொடுப்பதே அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அதை வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன்.

என் ஆதங்கம் வேறு. குறைந்த விலையில் நல்ல சாப்பாடு போடும் கடைகளுக்கு மிஷலின் 1997 முதல் ‘பிப் குர்மோன்’ என்று தனி அடையாளம் தருகிறது. புளியரையிலிருந்து தென்காசி வரை அதற்குப் பொருத்தமான அடுப்புகள் எத்தனையோ எரிகின்றன. தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து கேட்டால் இந்தக் கணவாய்ப் பாதையிலேயே தொடங்கலாம்.

சென்னைக்குப் போகிறவர்கள் காசு சேர்த்து ஒரு முறை ஆவர்த்தனாவில் உட்காருங்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பார்டருக்கு வருகிறவர்கள் எட்டு மணிக்குள் வாருங்கள், சீசனில் நாட்டுக்கோழி அதற்கு மேல் தங்காது.