டெத் வேலி: பூங்காவுக்குள் தங்குவதா, பீட்டியில் தங்குவதா?

கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று. முதல் முறை லாஸ் வேகாஸில் அறை எடுத்து, காலையில் கிளம்பி இரவு திரும்பினோம். இரண்டாம் முறை, மகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி மார்ச் கடைசியில், பூங்காவுக்குள்ளேயே ஃபர்னஸ் க்ரீக்கில் இரண்டு இரவும், வெளியே நெவாடா பக்கம் பீட்டி என்ற சிற்றூரில் ஓர் இரவும் தங்கினோம். எங்கே தங்குவது என்று மனைவியும் நானும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உள்ளே தங்கும் கட்சி. உள்ளே ஓர் இரவுக்குக் கொடுத்த காசில் பீட்டியில் இரண்டு இரவு தங்கியிருக்கலாம், அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

வேகாஸிலிருந்து ஒரே நாளில் போய் வருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபர்னஸ் க்ரீக் வரை சுமார் 120 மைல், இரண்டு மணி நேரம். போக வர நான்கு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்தப் பூங்கா 34 லட்சம் ஏக்கர், அலாஸ்காவைத் தள்ளிவைத்துப் பார்த்தால் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுதான், அதனால் உள்ளே வந்த பிறகும் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அரை மணி, முக்கால் மணி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் அன்று பேட்வாட்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவின் மிகத் தாழ்வான இடம். வெயில் நேர் உச்சியில் நின்றது. உப்புத் தரை முழுக்க ஒரே வெள்ளை, கண்ணைத் திறக்க முடியவில்லை. மகள் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். அப்பாவுக்கு 68 வயது, பத்தடி நடந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து ஏசிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். எடுத்த போட்டோக்களில் உப்பும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை.

அந்த ஒரு மணி வெயில்தான் இரண்டாவது பயணத்தின் திட்டத்தையே மாற்றியது. உள்ளே தங்குபவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் சூரிய உதயமும் நட்சத்திரங்களும். இரண்டும் உண்மைதான். ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய காரணம் நடுப்பகல். பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை நீங்கள் எங்கே இருக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தங்கும் இடம் தானாக முடிவாகிவிடும்.

ஏன் என்றால், இந்தப் பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது, இரண்டு பக்கமும் மலை. அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரம் ஒன்று காலையில் வரும், இல்லை மாலையில் வரும். ஸாப்ரிஸ்கி பாயின்ட்டில் நாம் மேற்கே பார்த்து நிற்கிறோம், சூரியன் முதுகுக்குப் பின்னால் உதிக்கிறது, ஆகவே அது காலைக்கு உரியது. டான்ட்டேஸ் வியூ ஐயாயிரம் அடிக்கு மேலே இருந்து மொத்தப் பள்ளத்தாக்கையும் குனிந்து பார்க்கும் இடம், அதுவும் காலைக்குத்தான் நல்லது. பேட்வாட்டர் கிழக்குப் பக்க மலையின் அடியிலேயே இருப்பதால் காலையில் வெகுநேரம் மலை நிழலில் கிடக்கும், மாலையில்தான் அழகு. ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவில் இருக்கும் பச்சை, ஊதா, இளஞ்சிவப்புப் பாறைகளும் மேற்கு வெயில் பட்டால்தான் நிறம் காட்டும். மணல்மேடுகளுக்கு நிழல் நீளமாக விழும் நேரம் வேண்டும், அதாவது காலையோ மாலையோ. உச்சி வெயிலுக்கு என்று ஓர் இடமும் இல்லை. மார்ச் கடைசியில் நாங்கள் போனபோதே மதியம் 92 டிகிரி ஃபாரன்ஹீட், சுமார் 33 செல்சியஸ். வெளியில் மர நிழல் என்று ஒன்று கிடையாது.

சரி, இப்போது பீட்டியில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பீட்டியிலிருந்து ஃபர்னஸ் க்ரீக் 40 மைல். ஸாப்ரிஸ்கி உதயத்தைப் பார்க்க ஐந்தே முக்காலுக்கு வண்டியை எடுக்க வேண்டும், அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை, ஒரு நாளைக்குச் செய்துவிடலாம். ஆனால் பதினொரு மணிக்கு என்ன செய்வீர்கள்? பீட்டிக்குத் திரும்பிப் போய் மாலையில் மறுபடி பேட்வாட்டர் வர வேண்டுமானால் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் யாரும் திரும்பிப் போவதில்லை. அந்த ஐந்து மணி நேரத்தைக் காருக்குள்ளும் பார்வையாளர் மையத்திலும் தள்ளிவிட்டு, நான்கு மணிக்குள் களைத்துப்போய், மாலை வெளிச்சம் வருவதற்கு முன்பே "போதும், போகலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் முதல் முறை செய்தது இதைத்தான். பீட்டியில் தங்கிய மூன்றாம் நாளிலும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது.

ஃபர்னஸ் க்ரீக்கில் தங்கிய நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஆறு பத்துக்கு அறையை விட்டுக் கிளம்பினோம், பத்து நிமிடத்தில் ஸாப்ரிஸ்கி. அப்பா கம்பளித் தொப்பியோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். முதலில் எதிரே வெகுதூரத்தில், 11,049 அடி உயரமுள்ள டெலஸ்கோப் பீக்கின் உச்சிப் பனியில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. அது மெல்ல மலைச்சரிவில் இறங்கி, பள்ளத்தாக்கின் தரையைத் தொட்டு, அப்புறம்தான் நம் காலடியில் இருக்கும் மஞ்சள் மடிப்புகளுக்கு வந்தது. வெளிச்சம் தூரத்திலிருந்து நம்மை நோக்கி நடந்து வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அங்கிருந்து டான்ட்டேஸ் வியூ, பத்தரைக்குத் திரும்பி அறை. தங்குபவர்களுக்கு ஊற்று நீர் நிரம்பும் நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது, மகள் மூன்று மணி நேரம் அதை விட்டு ஏறவில்லை. நாங்கள் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுத் தூங்கினோம். அப்பா பேரீச்ச மரங்களுக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு எல்லோருக்கும் புது நாள் பிறந்தது மாதிரி இருந்தது.

அன்று மாலை பேட்வாட்டரில் அப்பா ஒரு மைலுக்குக் குறையாமல் நடந்தார். ஆட்கள் மிதித்து மிதித்துத் தட்டையான முன்பகுதியைத் தாண்டினால்தான் உப்பு அறுகோணமும் ஐங்கோணமுமாகப் பாளம் பாளமாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு பாளத்தின் விளிம்பிலும் விரல் உயரத்துக்கு வெள்ளை வரப்பு. குனிந்து ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று, பின்னால் மலைமுகத்தில் வெகு உயரத்தில் மாட்டியிருக்கும் "கடல் மட்டம்" பலகையைக் காட்டி, "அங்கே வரைக்கும் தண்ணி நின்னா எப்படி இருக்கும்" என்று மகளிடம் கேட்டார். போன முறை காரை விட்டு இறங்காத அதே பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிழல் நீள்வதை அளந்துகொண்டிருந்தாள். இடமும் ஆட்களும் அதேதான், ஐந்து மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு வந்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம். வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் நான் இதற்கு மேல் யோசிக்கவே மாட்டேன்.

பீட்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. 3,300 அடி உயரத்தில் இருப்பதால் கீழே பள்ளத்தாக்கைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவு, இரவில் நன்றாகக் குளிர்ந்தது. அறை மலிவு, சாப்பாடும் உள்ளே இருப்பதைவிட மலிவு, பெட்ரோலும் அப்படித்தான். பூங்காவுக்குள் ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் பெட்ரோல் கிடைக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும், ஆகவே எங்கே தங்கினாலும் நெவாடா பக்கமே டேங்க்கை நிரப்பிவிட்டு உள்ளே போங்கள். ஊருக்குள் காட்டுக் கழுதைகள் வீதியில் சாவகாசமாக நடக்கின்றன. நாலு மைலில் ரையோலைட் என்ற பாழடைந்த தங்கச் சுரங்க ஊர், இடிந்த வங்கிக் கட்டடத்தின் முன்சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. வடக்குப் பகுதியான யூபிஹீபி எரிமலைவாயும் மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகளும் மட்டும் உங்கள் திட்டத்தில் இருந்தால் பீட்டியே போதும், உள்ளே தங்கக் காசைக் கொட்ட வேண்டாம். தனியாகவோ நண்பர்களோடோ போகும் இளவட்டங்களுக்கும் அப்படித்தான், அவர்கள் மதியத்தை எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாலை வெளிச்சத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டு பேட்வாட்டரிலிருந்து பீட்டிக்குப் போவது ஐம்பது மைலுக்கு மேல், கும்மிருட்டில். வழியில் 4,300 அடி உயரக் கணவாய் ஒன்றை ஏறி இறங்க வேண்டும், தெருவிளக்கு கிடையாது, செல்போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது. ஊரை நெருங்கும்போது ஹெட்லைட்டில் சட்டென்று ஒரு கழுதை நின்றது, நான் மெதுவாகப் போனதால் பிழைத்தோம். பீட்டியில் நாங்கள் தங்கியது ஓர் இரவுதான், அதனால் அந்த ஒரு இரவை வைத்து ரொம்பவும் அடித்துச் சொல்ல விரும்பவில்லை, ஆனால் பகல் முழுக்க ஓட்டிய ஆளே அந்த ரோட்டை இரவிலும் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பரம்ப் என்று இன்னோர் ஊரையும் பலர் சொல்வார்கள். பெரிய கடைகள் உண்டு, ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து 60 மைல். வேகாஸிலிருந்து வரும் வழியில் தண்ணீர், ஐஸ், பெட்ரோல் வாங்க நிறுத்துங்கள், தங்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஸ்டவ்பைப் வெல்ஸ் வழியிலேயே வரும், மணல்மேடுகள் கைக்கெட்டும் தூரம், ஃபர்னஸ் க்ரீக்கைவிட வாடகை குறைவாக இருந்தது. அங்கே நாங்கள் தங்கவில்லை, நின்று டீ குடித்ததோடு சரி, ஆனால் அடுத்த முறை ஓர் இரவு அங்கே போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பேட்வாட்டர் அங்கிருந்து 40 மைலுக்கு மேல், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயத்தில் பெரிய வாதம் தேவையில்லை. மேலே சொன்ன எல்லா இடத்துக்கும் தார் ரோடு உண்டு, சாதாரண கார் போதும். தானாக நகரும் கற்கள் இருக்கிற ரேஸ்ட்ராக்குக்குப் போவதாக இருந்தால் கதை வேறு, 27 மைல் கூர்கல் ரோடு, உயரமான வண்டியும் தடித்த டயரும் வேண்டும், ஃபர்னஸ் க்ரீக்கிலேயே அதற்கென்று ஜீப் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் எந்த வண்டியாக இருந்தாலும் வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த காரில் ஸ்டெப்னி இல்லை, காற்றடிக்கும் சின்னப் பம்ப்பும் ஒட்டும் பசையும்தான் இருந்தன. அது தெரியவந்தது பூங்காவுக்குள் வந்த பிறகு. அதனால் டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸுக்குப் போகும் சின்ன மண் ரோட்டில்கூட இறங்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நுழைவுக் கட்டணம் எங்கே தங்கினாலும் ஒன்றுதான், ஒரு காருக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். வாசலில் கேட் எதுவும் கிடையாது, நாமே பார்வையாளர் மையத்திலோ இயந்திரத்திலோ கட்ட வேண்டும். கார்டு கொண்டுபோங்கள்.

கோடையில் போவது பற்றிக் கேட்பவர்களுக்கு, நான் கோடையில் போனதில்லை, அப்பாவை வைத்துக்கொண்டு போகவும் மாட்டேன். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்தான் இன்றும் உலக சாதனை. 2024 ஜூலையில் இரவையும் பகலையும் சேர்த்த சராசரியே 108.5 டிகிரி. அந்த வெப்பத்தில் காற்று லேசாகிவிடுவதால் மீட்பு ஹெலிகாப்டரால்கூடப் பறந்து வர முடியாத நாட்கள் உண்டு. அப்போது எங்கே தங்குவது என்ற கேள்விக்கே இடமில்லை, குளிரூட்டிய அறையை விட்டு அதிகம் நகரக் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே அறை கிடைக்கவில்லை என்று உடனே பீட்டிக்குத் தாவிவிடவும் வேண்டாம். எங்களுக்கும் முதலில் ஓர் இரவுதான் கிடைத்தது. பீட்டியில் ரத்து செய்யக்கூடிய அறையை மீதி இரண்டு இரவுக்கும் போட்டு வைத்துவிட்டு, மனைவி தினமும் காலையில் காபி குடிக்கும்போது ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்புவதற்கு ஆறு நாள் முன்பு யாரோ ரத்து செய்த அறை ஒன்று வந்தது. நாங்கள் டான்ட்டேஸ் வியூவுக்குப் போனதும் அப்பா உப்பில் நடந்ததும் அந்த அறையில் தங்கிய நாளில்தான்.