விசைப்பலகை தாவிவிடும், டிராக்பேட்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகள். ஒன்று அலுவலகம் கொடுத்த விண்டோஸ். அதில் நானாக எந்த மென்பொருளையும் ஏற்ற முடியாது. இன்னொன்று என் சொந்த மேக். மொழிபெயர்ப்பு வேலையெல்லாம் அதில்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கம்பியில்லா விசைப்பலகை, ஒரே டிராக்பேட் (விரலால் தேய்த்துச் சுட்டியை நகர்த்தும் தொடுபலகை) போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நான்கு வழிகளை முயன்று பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது: விசைப்பலகையை இரண்டு கணினிக்குப் பங்கிடுவது எளிது, சிக்கல் முழுக்க டிராக்பேட்டில்தான்.

முதல் வழி, பல கணினிகளை நினைவில் வைக்கும் புளூடூத் விசைப்பலகை. கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் எந்த மாடியில் கேட்டாலும் லாஜிடெக் கே380-ஐத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். எஃப்1, எஃப்2, எஃப்3 என மூன்று விசைகளுக்கு மூன்று கணினிகள். ஒன்றை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் புதிய இணைப்பு. பிறகு ஒரு தட்டு தட்டினாலே அந்தக் கணினிக்குத் தாவிவிடும். இடைவெளி விசைக்குப் பக்கத்தில் உள்ள விசையில் ஆல்ட், சிஎம்டி இரண்டும் அச்சிட்டிருக்கும். எதிரே இருப்பது மேக்கா விண்டோஸா என்று பார்த்து அதற்கேற்ப விசைப்பலகை மாறிக்கொள்ளும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான். அது 'அ'வா 'a'வா என்று முடிவு செய்வது கணினி. அதனால் இரண்டு கணினியிலும் தமிழ்99 என்ற தட்டச்சு முறையைச் சேர்த்துவிட்டால் போதும். விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது, எதையும் தரவிறக்க வேண்டாம். இந்த ஊரில் 1985-இல் பிறந்த முரசு அஞ்சல் மென்பொருளின் தட்டச்சு முறையில் பழகியவர்களுக்கும் மேக்கில் அஞ்சல் தயாராக இருக்கும்.

சரி, கடைக்காரத் தம்பியிடம் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி, இதோட டிராக்பேட்டும் சேர்ந்து மாறுமா?"

"கீபோர்டு மட்டும்தான் மாறும் அக்கா. மவுஸ், டிராக்பேட் எல்லாம் தனியாத்தான் மாத்தணும்."

அவர் சொன்னது முழு உண்மை. விசைப்பலகை அலுவலகக் கணினிக்குப் போய்விடும், சுட்டி மேக்கிலேயே நின்றுகொண்டிருக்கும். ஆப்பிளின் மேஜிக் டிராக்பேட்டில் மாற்றும் பொத்தானே கிடையாது. அது ஒரு நேரத்தில் ஒரு கணினியைத்தான் நினைவில் வைத்திருக்கும். கம்பியால் வேறொரு மேக்கில் செருகினால் உடனே அதனோடு இணைந்துகொள்ளும், பழையதை மறந்துவிடும். விண்டோஸில் செருகினாலோ, தனி இயக்கி நிரல் இல்லாமல் சாதாரண மவுஸ் போலத்தான் வேலை செய்யும்; விரல் சைகைகள் கிடைக்காது. ஐநூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்குகிற பொருளுக்கு இது போதாது.

ஒரு நாள் இந்த முறையில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். காணொளிக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மேக்கின் பூட்டைத் திறக்க கடவுச்சொல்லைத் தட்டினேன். விசைப்பலகை இன்னும் அலுவலகக் கணினியில்தான் இருந்தது. கடவுச்சொல் முழுதாகக் கூட்டத்தின் அரட்டைப் பெட்டியில் விழுந்தது, என்டரோடு சேர்த்து. அன்று இரவே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாத எந்த ஏற்பாட்டிலும் இந்த ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது வழி, மென்பொருள். இரண்டுமே மேக் என்றால் வேறெதையும் தேடாதீர்கள். 2022 மார்ச்சில் மேக்ஓஎஸ் 12.3-உடன் வந்த யுனிவர்சல் கன்ட்ரோல் அருமையாக வேலை செய்கிறது: சுட்டியைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் பக்கத்து மேக்குக்குப் போய்விடும், விசைப்பலகையும் கூடவே போகும். விரல் சைகைகள் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். அலுவலக மேக்கில் சொந்தக் கணக்கைப் போட அனுமதி கிடைப்பது அரிது. இரண்டுமே விண்டோஸ் என்றால் மைக்ரோசாப்ட்டின் மவுஸ் வித்அவுட் பார்டர்ஸ் நான்கு கணினிகள் வரை இணைக்கும். இப்போது அது பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாப்ட் கருவித்தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. என்னைப் போல் ஒரு விண்டோஸ், ஒரு மேக் என்று வைத்திருப்பவர்களுக்கு டெஸ்க்ஃப்ளோ, இன்புட் லீப் போன்ற திறந்த மூல நிரல்கள் உண்டு. ஆனால் பூட்டப்பட்ட அலுவலகக் கணினியில் அவற்றை ஏற்றவே முடியாது. அதோடு என் கதை அங்கே முடிந்தது.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: ஒரு யுஎஸ்பி ஸ்விட்ச். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, மேலே ஒரு பொத்தான், பின்னால் இரண்டு கணினிக்கும் இரண்டு கம்பி. விசைப்பலகை, மவுஸ் இரண்டையும் ஒரே ரிசீவரில் (கம்பியில்லாக் கருவிகளின் சிக்னலை வாங்கும் சிறு யுஎஸ்பி செருகி) சேர்த்து, அந்த ரிசீவரைப் பெட்டியில் செருகிவிட வேண்டும். லாஜிடெக்கின் லாஜி போல்ட் ரிசீவர் ஒன்றே ஆறு கருவிகள் வரை ஏற்கும். பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒன்றாகத் தாவும். எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று விளக்கே சொல்லிவிடும். கடவுச்சொல் கவலை எனக்கு அதோடு போனது. மென்பொருள் தேவையில்லை. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலும் விசைப்பலகை வேலை செய்யும், புளூடூத்தில் பெரும்பாலும் அது நடக்காது. இரண்டுமே மேக் என்றால் மேஜிக் டிராக்பேட்டையும் கம்பியோடு இதே பெட்டியில் செருகலாம்.

ஒரு தொல்லை வந்தது. சுட்டி விட்டு விட்டு நகர்ந்தது. ரிசீவருக்குப் பக்கத்திலேயே யுஎஸ்பி 3 வன்வட்டைச் செருகியிருந்தேன். யுஎஸ்பி 3 வெளியிடும் இரைச்சல், ரிசீவர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும் என்பதை இன்டெல் 2012-லேயே எழுதி வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் மாட்டி விசைப்பலகைக்கு அருகே கொண்டுவந்தேன். உடனே சரியாகிவிட்டது.

பழைய ரிசீவர்களை வாங்குகிறவர்கள் மட்டும் கவனிக்கவும். 2016-இல் மவுஸ்ஜாக் என்ற ஓட்டை பல நிறுவனங்களின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களில் கண்டுபிடிக்கப்பட்டது. தூரத்திலிருந்தே போலி விசை அழுத்தங்களைச் செலுத்த முடிந்தது. இரண்டாம் கையில் வாங்கினால் ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டிராக்பேட்டும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்த வகை. லாஜிடெக் கே400 பிளஸ் அப்படிப்பட்டது. வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு நல்லது. தொடுபரப்பு சிறியது, மேக்கின் சைகைகள் வராது. ஆனால் அதன் ரிசீவரை ஸ்விட்சில் செருகித் தாவினால் இரண்டும் பிரியாது.

இப்போது என் மேசையில் ஸ்விட்சும் ரிசீவரும் இருக்கின்றன, இரண்டு கணினிக்கும் பொதுவாக ஒரு விசைப்பலகையும் ஒரு மவுஸும். மேஜிக் டிராக்பேட் இடக்கைப் பக்கம் மேக்குக்கு மட்டும் என்று நிரந்தரமாக நிற்கிறது.