யேசு (Yaesu) எஃப்டி-891 ஹாம் ரேடியோ செட்: பூங்காவில் இரண்டு நாள் அவசரகாலப் பயிற்சிக்குத் தாங்குமா?

தாங்கும், பேட்டரியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். எடை 2 கிலோவுக்கும் குறைவு. எச்எஃப் (சிற்றலை), 50 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 100 வாட் தருகிறது. சிக்கல் அங்கேதான். முழு வாட்டில் 23 ஆம்பியர் வரை இழுக்கும். 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் பலவற்றின் பாதுகாப்புச் சுற்று 20 ஆம்பியருக்கே வெட்டிவிடும்; பேச்சின் நடுவே செட் செத்துப்போகும். பழி ரேடியோமேல் விழும், பாவம்! 50 வாட்டுக்குக் குறையுங்கள். இழப்பு 3 டெசிபல்தான், எதிர்முனையில் சிக்னல் வலிமையைக் காட்டும் மீட்டரில் அரை எஸ்-யூனிட் (ஒரு படியில் பாதி). பவர் கேபிள் மெலிதாகவோ நீளமாகவோ இருந்தால் மின்னழுத்தம் 11.7 வோல்ட்டுக்குக் கீழே சரியும், அதுவும் ஆகாது.

உள்ளே டியூனர் (ஆன்டெனாவைச் செட்டோடு பொருத்தும் சுற்று) கிடையாது. ஆகவே வெளி டியூனர் இல்லையென்றால் ஆன்டெனாவை வெட்டியே சரிசெய்ய வேண்டும். 14.2 மெகாஹெர்ட்ஸில் தலைகீழ் 'வி' டைபோலுக்கு (நடுவை உயர்த்தி, இரு கம்பிக் கைகளையும் சரித்துக் கட்டும் ஆன்டெனா) ஒரு கைக்கு 5.2 மீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இருபுறமும் 3 சென்டிமீட்டர் வெட்டி எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு) பாருங்கள். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் மரத்தில் கட்ட வேண்டாம். மடக்குக் கம்பமே நல்லது. இரவு தங்கக் கூடாரம் போட்டால் கேம்பிங் பர்மிட் வேண்டும்.

மெனு ஒரு காடு. தேவையான அமைப்புகளை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். மதியம் இடி கேட்டதும் கோஆக்சை (ஆன்டெனா கேபிளை) செட்டிலிருந்து கழற்றிவிட்டு, கம்பத்தை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். இடி ஓய்ந்த பிறகு கம்பத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் மழையைக் கேட்கவா வேண்டும்? செட்டுக்கு நீர்க்காப்பும் இல்லை, மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி அவசியம்.