பயந்த குட்டியைப் பெரிய நாயோடு விடுவதா, தனியாகக் கயிற்றில் பழக்குவதா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பறவை வேட்டைக்கு நாய் பழக்குபவர்கள் குறைவு, காட்டுப்பன்றிக்கு நாய் வைத்திருப்பவர்கள்தான் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். அதனால் லாப்ரடோர் குட்டியோ ஸ்பேனியல் குட்டியோ வாங்கிவந்து யாரிடமாவது யோசனை கேட்டால், கிடைக்கும் பதிலும் பன்றி வேட்டைக்காரர் பதிலாகவே இருக்கும்: "பெரிய நாயோட விடுங்கண்ணே, தானா கத்துக்கும்." துணிச்சலான குட்டிக்கு அது சரிப்பட்டாலும் படலாம். எதைப் பார்த்தாலும் ஓரடி பின்வாங்கிவிட்டுத்தான் முன்னே வரும் குட்டிக்குச் சரிப்படாது என்பது என் கட்சி.

அந்த மாதிரிக் குட்டியைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக் கால்வாய் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பாருங்கள். உரச்சாக்கு ஒன்று காற்றில் படபடத்தால் போதும், முன்காலில் ஒன்றைத் தூக்கியபடி நின்றுவிடும், வால் கீழே, காது பின்னே, உதட்டை ஒருதரம் நக்கும், மூக்கு மட்டும் விடாமல் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் பார்ப்பது அந்த மூக்கைத்தான். பயத்திலும் மோப்பம் நிற்கவில்லை என்றால் அது கோழை நாய் இல்லை, யோசிக்கிற நாய். இழுக்காமல், அதட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றால் அதுவாகவே போய்ச் சாக்கை முகர்ந்துவிட்டு வரும். வந்தால் தடவிக்கொடுங்கள். தடவினால் பயம் கூடும் என்பதெல்லாம் பழைய பேச்சு.

பெரிய நாயோடு விடும் வழியில் நல்லது இல்லாமல் இல்லை. தண்ணீரில் இறங்குவது, லாரியில் ஏறுவது, இடி இடித்தால் பதறாமல் படுத்திருப்பது, இதையெல்லாம் நிதானமான மூத்த நாயைப் பார்த்துக் குட்டி வேகமாகப் பிடித்துக்கொள்ளும். நாம் வாரக்கணக்கில் மெனக்கெட்டும் கால் நனைக்காத குட்டி, மூத்தது குளத்தில் குதித்தால் பின்னாலேயே குதித்துவிடும். சரி, பறவை விஷயத்துக்கு வருவோம். அங்கே குட்டி பறவையைத் தேடாது, மூத்த நாயின் வாலைத் தேடும். அது நின்றால் நிற்கும், ஓடினால் ஓடும், மூக்குக்கு வேலையே இருக்காது. பார்ப்பவருக்குத் தைரியம் வந்துவிட்ட மாதிரித் தெரியும், ஆனால் அது இரவல் தைரியம். மூத்ததை வீட்டில் கட்டிவிட்டுக் குட்டியை மட்டும் கூட்டிப்போனால் உண்மை தெரிந்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பெரிய நாய்' என்றால் இங்கே பெரும்பாலும் பன்றி நாய்தான். அதற்குப் பறவை பொருட்டே இல்லை, குரங்கைக் கண்டால் துரத்தும், பன்றி வாடை பட்டால் போய்விடும், கூடவே குட்டியும் போகும். கொம்பன் பன்றியின் முன்னால் அனுபவமில்லாத குட்டி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தனியாகப் பழக்கும் வழி மெதுவானது, பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாது. எட்டிலிருந்து பத்து மீட்டர் வரை வழுவழுப்பான கயிறு, முனையில் முடிச்சு இருக்கக்கூடாது. முடிச்சு போட்டால், வெட்டி அடுக்கிவைத்த பனை மட்டைக்குள் மாட்டி, ஓடுகிற குட்டியைச் சுண்டி இழுத்துவிடும், பயந்த குட்டிக்கு அந்த ஒரு சுண்டல் போதும், அப்புறம் மட்டைக் குவியல் பக்கமே வராது. காட்டுக்கோழி ஒளிவதே அந்தக் குவியலில்தான். கயிற்றால் இன்னொரு நன்மை, மலாய் கம்பத்து (கிராமத்து) ஓரமாகப் போகும்போது நாய் யார் வாசலுக்கும் ஓடாது, அவர்களுக்கும் நமக்கும் நிம்மதி.

பறவை இறக்கையைத் தூண்டில் கம்பில் கட்டி ஆட்டுவது பலருக்குப் பிடித்த விளையாட்டு. சில தடவைகளோடு நிறுத்திவிடுங்கள், அதிகமானால் குட்டி கண்ணால் வேட்டையாடப் பழகிவிடும். அதைவிட வளர்ப்புப் புறா எவ்வளவோ மேல். சின்னக் கூண்டில் வைத்து லாலான் புல்லுக்குள் மறைத்துவிட்டு, காற்று குட்டியின் முகத்துக்கு எதிராக வரும்படி நடத்திக் கூட்டிவாருங்கள். வாடையைக் கண்டுபிடிப்பது அதன் சொந்த வேலையாக இருக்கட்டும். கண்டுபிடித்ததும் இன்னொருவர் கூண்டைத் திறந்துவிட்டால் புறா தன் கூட்டுக்கே பறந்துபோய்விடும், அடுத்த நாளைக்கும் அதே புறா. ஆரம்பத்தில் இறக்கை குட்டியின் முகத்தில் அடிக்கிற தூரத்தில் திறக்கவேண்டாம். அடிபட்ட காட்டுச்சேவலைக் கவ்வ விடுவதும் ஆகாது, அதன் கால்முள் ஒருதரம் குத்தினால் பல மாத வேலை வீண். காட்டுப் பறவையை வேட்டையாட பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் லைசன்ஸ் வேண்டும், 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழக்குவதற்குப் புறாவே போதும்.

வெடிச்சத்தத்தில்தான் இரண்டு கட்சியும் முட்டிக்கொள்ளும். 'வேட்டைக்குக் கூட்டிப்போய் இரண்டு தோட்டா வெடித்தால் தெரிந்துவிடும்' என்பது பழைய ஆட்கள் பேச்சு. தெரிந்துவிடும்தான், கெட்டுப்போனது தெரிந்துவிடும். துப்பாக்கிக்குப் பயப்படும் நாய்களில் பெரும்பாலானவை நாமே உண்டாக்கியவை. பறவை என்றால் பைத்தியமாக ஓடும் நிலை வந்த பிறகே சத்தம் வரவேண்டும். குட்டி புறாவைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, நூறு மீட்டருக்கு அப்பால் ஒருவர் நின்று இரண்டு பலகையைச் சேர்த்து அடிக்கட்டும். காது திரும்பாமல் ஓடினால் அடுத்தடுத்த நாட்களில் கிட்டே வரலாம், திரும்பிப் பார்த்து நின்றால் இன்னும் தள்ளிப்போகவேண்டும். போனில் வெடிச்சத்தம் போட்டுக் காட்டுவது பெரிய பயன் தராது, துப்பாக்கியின் அதிர்வு அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது. மின்னதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலரைப் பற்றி ஒரே வார்த்தை: இந்த வகைக் குட்டிக்கு வேண்டாம்.

வயதையும் கணக்கில் வையுங்கள். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல வருடம் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் வெளியிட்டதில், 3 முதல் 12 வாரம் வரைதான் குட்டி உலகத்தோடு ஒட்டிக்கொள்ளும் காலம் என்றார்கள். அந்த நாட்களில் கொல்லைக்கூண்டை விட்டு வெளியே வராத குட்டிதான் பெரும்பாலும் பின்னால் சாக்கைக் கண்டு நிற்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் திடீரென்று பழைய பயமெல்லாம் திரும்பி வரலாம், அது இயல்பு, கொஞ்ச நாள் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். அது தீபாவளியோடு சேர்ந்து வந்தால்தான் கஷ்டம். பட்டாசு வெடிக்கும் தீபாவளிக்கும், சீனப்புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவுக்கும் குட்டியை உள்ளறையில் போட்டு, ஃபேனை வேகமாகச் சுழலவிட்டு, யாராவது கூட இருங்கள்.

எந்த வழியில் பழக்கினாலும் தோட்டத்தில் இறங்குமுன் மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) எலிமருந்து எப்போது வைத்தார்கள், எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று கேளுங்கள். மரத்தடியில் கிடக்கும் அந்த மெழுகுக்கட்டியைக் குட்டி தின்றுவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் ரத்தக்கசிவு தொடங்கும். தின்றதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே1 கொடுப்பார்கள். பழக்கும் நேரம் காலை எட்டு மணிக்குள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு.

மூத்த நாயை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. தண்ணீருக்கும் லாரிக்கும் முதலிலிருந்தே கூட இருக்கட்டும். பறவைக்கு மட்டும், மறைத்துவைத்த புறாவைக் குட்டி தானாகத் தேடிப் போகும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகும் முதலில் ஒன்று மாற்றி ஒன்று, குட்டி தேடும்போது மூத்ததைக் கட்டி உட்காரவைத்துவிடுங்கள்.