குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பெக்கேஜ் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தம்பதி ஒன்றுக்கு நடந்ததை அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுகிறோம். வெளியூர் நிலையங்கள் இங்கே வந்து நடத்தும் இலவச ஆலோசனை முகாம்களுக்குப் போக இருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள்.

மனைவிக்கு 29 வயது. உயரம் 155 சென்றிமீற்றர், எடை 81 கிலோ. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். முகாமில் ஒரு ஸ்கானும் ஏ.எம்.எச் என்ற, சூலகத்தில் முட்டை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். ஏ.எம்.எச் கூடுதலாக வந்தது. "தங்கச்சி, சூலகம் முழுக்கக் கட்டி. டெஸ்ட் டியூப்தான் ஒரே வழி. இண்டைக்கே முற்பணம் கட்டினா கழிவு இருக்கு" என்றார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போனது. கணவரின் விந்துப் பரிசோதனையைக்கூடக் காசு வாங்கிய பிறகுதான் செய்தார்கள். அதில் குறை எதுவும் இல்லை.

இந்த ரிப்போட்டுகள் சொல்வது வேறு. அவருக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ், அதாவது முட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளிவராத ஹோர்மோன் குறைபாடு. ஸ்கானில் தெரிந்தவை கட்டிகள் அல்ல, வளராமல் பாதியில் நின்ற சிறு முட்டைப் பைகள். அவை நிறைய இருப்பதால்தான் ஏ.எம்.எச் கூடியது. முட்டை குறைவு என்று அதற்குப் பொருள் இல்லை. கருக்குழாயில் அடைப்பு இல்லை, விந்தும் நன்றாக இருக்கிறது என்றால் முதலில் கொடுக்க வேண்டியது முட்டையை வளரவைக்கும் லெற்றோசோல் மாத்திரை. வழமையாக மாதவிடாயின் 2ஆம் அல்லது 3ஆம் நாள் தொடங்கி 5 நாள், தினமும் 2.5 மில்லிகிராம். 12ஆம் நாளளவில் ஸ்கான் செய்து முட்டை வளர்கிறதா என்று பார்த்து, வளராவிட்டால் அடுத்த சுற்றில் அளவைக் கூட்டுவார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சுற்றுக்கூடக் கொடுக்கப்படவில்லை.

எடையைப் பற்றியும் யாரும் பேசவில்லை. 81ஐ 1.55ஆல் இரண்டு தடவை வகுத்தால் 33.7 வருகிறது. அதுதான் அவருடைய பி.எம்.ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு. நம் போன்ற ஆசியர்களுக்கு 27.5ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. 25 கிலோ குறைத்தால்தான் பிள்ளை என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். உடல் எடையில் 5 வீதம், இவருக்கு 4 கிலோ, குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கும். பி.எம்.ஐ 30க்கு மேல் உள்ளவர்களுக்கு வழமையான 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்துக்குப் பதிலாக 5 மில்லிகிராம் தேவையா என்று கேளுங்கள். மெலிவதற்கு செமகுளூட்டைட் ஊசி போடுகிறவர்கள் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

அடுத்தது டெஸ்ட் டியூப் முறைக்காக முட்டைகளை வளர்க்கும் ஊசிக் கட்டம். பெக்கேஜில் ஊசிச் செலவு சேரவில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எடை கூடியவர்களுக்கு ஊசி மருந்து கூடுதலாகத் தேவைப்படுவது வழமை. பி.சி.ஓ.எஸ் உள்ள சூலகமோ அதே ஊசிக்கு அளவு மீறி வேலை செய்யும். இவருக்கும் அதுதான் நடந்தது. வயிறு வீங்கியதும் கருவை வைப்பதை நிறுத்தி, முளையங்களை, அதாவது வெளியே உருவாக்கிய கருக்களை, உறையவைத்தார்கள். மருத்துவ ரீதியில் அது சரியான முடிவு. ஆனால் இந்த ஆபத்து முதல் நாள் ரிப்போட்டிலேயே தெரிந்தது. உறையவைக்க, வருடா வருடம் வைத்திருக்க, பிறகு உருக்கிக் கருப்பையில் வைக்க என்று தனித்தனியாகக் காசு வேண்டும் என்பதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி போடும் நாட்களிலோ முட்டை எடுத்த பிறகோ வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ உடனே போங்கள். போட்ட ஊசிகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.

வயது கூடியவர்கள் ஏமாறுவது இதற்கு நேர் எதிரான வழியில். 39 வயதுப் பெண்ணிடம் "முதலில் மெலிந்து வாங்க" என்று சொல்லி மாதக்கணக்கில் சத்துமா விற்கிறார்கள். 35 தாண்டியவர்கள் 6 மாதம் முயன்றும் தங்காவிட்டால் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும். பிரித்தானியாவின் கணக்கில் டெஸ்ட் டியூப் முறையில் வைக்கும் ஒரு முளையம் பிள்ளையாகப் பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழ் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, 43, 44 வயதில் இருபதில் ஒன்று. 577 பெண்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், 6 மாதம் எடை குறைத்துவிட்டுச் சிகிச்சைக்குப் போனவர்களுக்கு, உடனே தொடங்கியவர்களைவிடப் பிள்ளைப்பேறு கூடவில்லை. சிகிச்சை இல்லாமல் கருத்தரித்தவர்கள்தான் கூடினார்கள். ஆகவே 29 வயதில் எடைக்காக 6 மாதம் கொடுப்பது நல்ல முதலீடு. 39இல் எடையும் சிகிச்சையும் ஒரே நேரத்தில் போக வேண்டும். வயதைக் கேட்காமல் எடையைப் பற்றி மட்டும் பேசும் இடத்தை நம்ப வேண்டாம்.

காசு கட்ட முன் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை உண்டு. ஊசி, மயக்க மருந்து, உறையவைத்தல் இதில் சேருமா? இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? "வெற்றி வீதம்" என்று நோட்டீசில் போட்டிருப்பது பிறந்த பிள்ளையின் கணக்கா, கர்ப்பம் என்று காட்டிய சிறுநீர்ப் பரிசோதனையின் கணக்கா? எங்கள் வயதுக்கு அது எத்தனை? கருப்பை உட்சுவரைச் சுரண்டினால் கரு நன்றாக ஒட்டும் என்று கூடுதல் காசு கேட்டால் மறுத்துவிடுங்கள். 1,364 பெண்களிடம் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில் அதனால் பயன் இல்லை என்று தெரிந்தது.

முதல் படி உங்கள் ஊர் மிட்வைப்தான். எடை, உயரம், ருபெல்லா ஊசி, போலிக் அமிலம் எல்லாம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகவே கிடைக்கும். அங்கிருந்து கடிதம் வாங்கி அரசாங்க வைத்தியசாலையின் மகப்பேற்று நிபுணரிடம் போங்கள். கணவரின் விந்துப் பரிசோதனை முதல் வாரத்திலேயே முடியட்டும். 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து, மாதிரியை உடல் சூட்டிலேயே ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். குறை வந்தால் உடனே முடிவு கட்டாமல் 3 மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய அவ்வளவு காலம் எடுக்கும்.

ஏற்கெனவே காசு கட்டிச் சிக்கியவர்கள் பற்றுச்சீட்டு, ஸ்கான் படம், எத்தனை முளையம் உறையில் இருக்கிறது என்ற கடிதம் மூன்றையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு எழுத்தில் அனுப்பி, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கட்டண விடயமென்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லலாம்.